ஸ்பானிய உணவகத்தில் எந்தத் தட்டுக்கு எந்த ஒயின்?

ஸ்பெயினில் நாலு பேராக ஓர் உணவகத்தில் உட்கார்ந்தால் முதல் அரைமணி நேரம் யாருக்கும் தனித் தட்டு வராது. ஆலிவ், ஹமோன் எனப்படும் உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித்தொடை, வினிகரில் ஊறிய நெத்திலி, பொரித்த குரோகேத்தா உருண்டை என்று ஒவ்வொன்றாக மேசை நடுவில் வந்து இறங்கும். எல்லோரும் அதிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள். மீனோ இறைச்சியோ அதற்கப்புறம்தான். ஒயின் பட்டியலைப் புரட்டும் புதியவர், அதில் தெரிந்த ஒரே பெயரான, வடஸ்பெயினின் ஒயின் பகுதி ரியோஹாவைப் பிடித்து, கொஞ்சம் விலை கூடிய, ஆண்டுகள் முதிர்ந்த சிவப்பு ‘ரெசர்வா’ ஒன்றைச் சொல்லிவிடுவார். நெத்திலியைத் தின்றுவிட்டு அந்த ஒயினைக் குடித்தால் வாயில் இரும்பு வாடை அடிக்கும். மீன் கெட்டுவிட்டதோ என்று சந்தேகம் வரும். மீனும் நல்ல மீன்தான், ஒயினும் நல்ல ஒயின்தான். அந்த ரெசர்வா ஒரு மணி நேரம் கழித்து, இறைச்சியோடு வந்திருக்க வேண்டியது.

‘மீனுக்கு வெள்ளை, இறைச்சிக்குச் சிவப்பு’ என்ற விதி பாதிதான் உதவும். ஒரே மீனை வினிகரில் ஊறவைக்கலாம், எண்ணெயில் பொரிக்கலாம், கரியில் சுடலாம், தக்காளியும் மிளகாயும் போட்டுக் கொதிக்கவிடலாம். ஒயினுக்கு இவை நாலும் நாலு வேறு உணவு. ஆகவே தட்டில் கிடப்பது என்ன மாமிசம் என்பதைவிட, அதில் முன்னால் நிற்கும் சுவை எது என்று பாருங்கள்: உப்பா, புளிப்பா, எண்ணெயா, புகையா, காரமா, இனிப்பா? ஒயினைத் தேர்வு செய்ய அதுதான் பிடி.

கிளாசில் என்ன இருக்கிறது

ஒயினில் நாலு விஷயங்களைக் கவனித்தால் தொடக்கத்துக்குப் போதும்.

முதலாவது புளிப்பு. கொழுப்பும் எண்ணெயும் நாக்கில் படிந்த பிறகு அதைக் கழுவித் தள்ளுவது இதுதான். அட்லாண்டிக் காற்றும் மழையும் உள்ள கலீசியாவின் வெள்ளை ஒயின்களில் புளிப்பு தூக்கலாக இருக்கும். வெயில் காயும் தெற்கு, உள்நாட்டுப் பகுதிகளில் பொதுவாகக் குறையும்.

இரண்டாவது துவர்ப்பு. திராட்சையின் தோல், விதை, ஓக் பீப்பாயின் மரம் ஆகியவற்றிலிருந்து இறங்கும் டானின் தருவது. பச்சை வாழைப்பூவைக் கடித்தால் நாக்கு வறண்டு இழுக்குமே, அதே இழுப்பு. உமிழ்நீரில் உள்ள புரதத்தோடு டானின் ஒட்டிக்கொள்வதால் இது நேர்கிறது. வாயில் கொழுப்பும் புரதமும் உள்ள இறைச்சித் துண்டு இருந்தால் டானின் அதைப் பற்றிக்கொள்ளும், நாக்கு தப்பிக்கும். இறைச்சி நன்றாக வெந்து, சாறு வற்றிக் காய்ந்திருந்தால் இந்த உதவி குறைந்துபோகும். ‘வெல் டன்’ கேட்பவருக்குத் துவர்ப்பு மிகுந்த சிவப்பு ஒயின் கரடுமுரடாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

மூன்றாவது ஆல்கஹால். மிளகாயின் எரிச்சலை இது ஊதிப் பெரிதாக்கும். தோரோ, ஹுமியா, பிரியோராத் பகுதிச் சிவப்புகள் 14.5, 15 சதவீதம் வரை போகும்; காரமான சாஸோடு இவற்றைக் குடித்தால் இரண்டும் சேர்ந்து தொண்டையைச் சுடும். ஸ்பானியச் சமையலில் காரம் குறைவு என்பதால் இந்தச் சிக்கல் அடிக்கடி வராது. ஆனால் படாத்தாஸ் பிராவாஸ் உருளைக்கிழங்கின் சாஸிலும், சில சமயம் பத்ரோன் பச்சை மிளகாயிலும் எதிர்ப்படும். பத்ரோனில் பெரும்பாலானவை சாதுவானவை. எது கடிக்கும் என்று கடித்தால்தான் தெரியும்.

நான்காவது இனிப்பு. இதற்கு ஒரே விதி: தட்டில் உள்ளதைவிட ஒயின் இனிப்பாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒயின் வெறும் புளித்தண்ணீராகத் தோன்றும்.

இனி அந்த இரும்பு வாடைக்கு வருவோம். 2009-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைச் சோதித்து, காரணம் ஒயினில் கரைந்துள்ள இரும்பு என்று காட்டினார்கள். கடலுணவின் கொழுப்போடு அது சேரும்போது மீன்கவிச்சி தரும் பொருள்கள் வாயிலேயே உண்டாகின்றன. வெள்ளையைவிடச் சிவப்பில் இரும்பு பெரும்பாலும் கூடுதல். ஆக, நெத்திலி, மத்தி, கானாங்கெளுத்தி போன்ற எண்ணெய்ச்சத்துள்ள மீன்கள் தீரும் வரை சிவப்பைத் தள்ளிவைப்பது நல்லது.

முதல் தட்டுகளுக்கு ஃபினோ, மன்சனியா

நடுவில் வரும் சிறு தட்டுகள் எல்லாவற்றையும் ஒரே பாட்டிலில் சமாளிக்க வேண்டுமென்றால் எங்கள் பரிந்துரை ஃபினோ அல்லது மன்சனியா. இரண்டும் ஷெர்ரி வகை. ஷெர்ரி என்றதும் ‘இனிப்பு ஒயின்’ என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள்; ஃபினோவில் இனிப்பே கிடையாது. இதைவிட வறட்சியான ஒயினைத் தேடிப்பிடிப்பது கடினம்.

தெற்கே ஹெரெஸ், சான்லூகர், எல் புவர்த்தோ என்ற மூன்று ஊர்களைச் சுற்றி, சுண்ணாம்பு வெளுப்பான மண்ணில் விளையும் பலோமினோ திராட்சையிலிருந்து இது வருகிறது. புளித்து முடிந்த ஒயினில் திராட்சை ஆல்கஹாலைக் கொஞ்சம் சேர்த்து 15 சதவீதத்துக்கு உயர்த்தி, 600 லிட்டர் பிடிக்கும் பீப்பாயில் ஏறக்குறைய 500 லிட்டர் மட்டும் ஊற்றி, மேலே காற்றுக்கு இடம் விடுவார்கள். ஒயினின் மேற்பரப்பில் ஈஸ்ட் ஓர் ஆடை போலப் படரும். அதற்குப் பெயர் ஃப்ளோர். இந்த ஆடை ஒயினைக் காற்றிலிருந்து காக்கும். கூடவே, ஒயினுக்கு வழுவழுப்புத் தரும் கிளிசரினைத் தின்றுவிடும். அதனால்தான் ஃபினோ எலும்பும் தோலுமாக, உப்புக்காற்று, பாதாம், புளித்த மாவு வாசனையோடு இருக்கிறது. கடலோரச் சான்லூகரில் ஈரப்பதம் அதிகம். ஆடை தடித்து ஆண்டு முழுக்க நிற்கும். அங்கே முதிர்ந்தால் அது மன்சனியா. ஃபினோவைவிட ஒரு படி மென்மை, உப்புச்சாயலும் சற்றுக் கூடுதல்.

இது ஏன் எல்லாத் தட்டுக்கும் பொருந்துகிறது? வினிகர் போட்ட உணவுக்கு முன் சாதாரண வெள்ளை ஒயின் தோற்றுப்போவது, வினிகரின் புளிப்பு ஒயினின் புளிப்பை மூழ்கடிப்பதால். ஃபினோவில் புளிப்பே குறைவு. அது தன் சுவைக்கு நம்பியிருப்பது ஃப்ளோர் கொடுத்த வாசனையை. ஆகவே வினிகரோடு மோத வேண்டிய தேவை அதற்கு இல்லை. வினிகர் நெத்திலி, குளிர்ந்த தக்காளிச் சூப்பான கஸ்பாச்சோ, ஊறுகாய்ப் பச்சைமிளகாயும் ஆலிவும் நெத்திலியும் குச்சியில் கோத்து வரும் ஹில்தா எல்லாவற்றோடும் அது நிற்கும். ஹமோனின் உப்பும் கொழுப்பும் வந்தால், வறட்சி கொழுப்பைத் துடைத்தெடுக்கும். டானினோ ஓக் வாசனையோ இல்லாததால், ஏகோர்ன் எனப்படும் ஓக் மரக் கொட்டை தின்று வளர்ந்த இபெரிகோ பன்றியின் நுட்பமான மணம் மறையாது. ஹமோனில் கருப்புப் பட்டை கட்டியிருந்தால் 100 சதவீத இபெரிகோ இனம், ஏகோர்ன் தீனி என்று பொருள். சிவப்புப் பட்டை என்றால் தீனி அதுவே, இனம் கலப்பு. அந்த விலைக்கு வாங்கிய ஹமோனை ஓக் மணக்கும் சிவப்பு ஒயினோடு தின்பது பணத்தை வீணாக்குவது.

பூண்டும் வற்றல் மிளகாயும் போட்டு, மண்சட்டியில் எண்ணெய் கொதிக்கக் கொதிக்க வரும் இறால், அதாவது கம்பாஸ் அல் அஹீயோ, மன்சனியாவுக்கென்றே செய்தது போல அமையும். சான்லூகரில் பாஹோ தே கியா என்ற கரையோரப் பகுதியில் உட்கார்ந்தால் உள்ளூர் இறாலும் குளிர்ந்த மன்சனியாவும்தான் எல்லா மேசையிலும் தெரியும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஃபினோ திறந்ததும் பழம் நறுக்கியது போலக் கெடத் தொடங்கும். குளிர்பெட்டியில் வைத்தாலும் ஒரு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். கிளாஸ் கணக்கில் விற்கும் கடையில், பாட்டில் எப்போது திறந்தது என்று கேட்கத் தயங்காதீர்கள். நிறம் வெளிர்வைக்கோல் போல இருக்க வேண்டும். மஞ்சள் ஏறி, வாசனை மந்தமாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். இரண்டாவது, ‘கிரீம்’ அல்லது ‘மீடியம்’ என்று லேபிளில் இருந்தால் அது இனிப்புச் சேர்த்த ஷெர்ரி. முதல் தட்டுக்கு ஆகாது. குழப்பமாக இருந்தால் 375 மில்லி அரைப் பாட்டில் கேளுங்கள். நாலு பேருக்கு ஆளுக்கு 90 மில்லி சொச்சம் வரும், அதுவே போதுமான அளவு. சின்ன விரல்நீளக் கிளாசில் கொண்டுவந்தால் வெள்ளை ஒயின் கிளாஸ் வாங்கிக்கொள்ளுங்கள்; குறுகிய கிளாசில் வாசனை எழும்புவதே இல்லை.

ஷெர்ரியைப் பற்றி ஹெரெஸ்காரர்கள் சொல்லும் ஒரு வாய்ப்பாடு உண்டு: நீந்துவதற்கு (மீனுக்கு) ஃபினோ, பறப்பதற்கு (பறவைக்கு) அமொந்தியாதோ, ஓடுவதற்கு (விலங்குக்கு) ஒலொரோசோ. அமொந்தியாதோ என்பது ஃப்ளோர் ஆடையின் கீழ் சில ஆண்டு இருந்து, பின் ஆடை செத்து, காற்றில் பழுப்பேறியது. ஒலொரோசோ தொடக்கத்திலேயே 17 சதவீதம் அல்லது அதற்குமேல் ஆல்கஹால் ஏற்றப்படுவதால் ஆடையே படராமல் காற்றில் முதிர்ந்தது. வால்நட் மணம், கனம் இரண்டும் அதிகம். வாய்ப்பாடு சரிதான், ஆனால் அதே கடற்கரையில் ஏப்ரல் முதல் ஜூன் வரை வலைப்பொறியில் பிடிபடும் பெரிய சூரை மீனின் கொழுத்த வயிற்றுப்பகுதியைச் சுட்டுத் தந்தால் ஃபினோ போதாது. நீந்துவதுதான் என்றாலும் அதற்கு அமொந்தியாதோ கேட்கும்.

ஷெர்ரியே வேண்டாம் என்பவருக்கு மாற்று உண்டு. பொரித்தவற்றுக்கு, அதாவது குரோகேத்தா, கணவாய் வளையம், மாவில் புரட்டிய சின்ன மீன் ஆகியவற்றுக்கு, காவா நன்றாகப் பொருந்தும். இது கட்டலோனியாவில் பெரும்பகுதி விளையும், பாட்டிலிலேயே இரண்டாம் முறை புளிக்கவைத்த நுரைக்கும் ஒயின். குறைந்தது 9 மாதம் ஈஸ்ட் வண்டலோடு பாட்டிலில் கிடக்கும். லேபிளில் ‘கிரான் ரெசர்வா’ என்றால் 30 மாதம். இனிப்பு அளவை லேபிள் சொல்லும்: ‘புருத் நாத்தூரே’ என்றால் லிட்டருக்கு 3 கிராமுக்கும் குறைவு, ‘புருத்’ என்றால் 12 கிராம் வரை. ‘செமி செகோ’ என்ற பெயரைப் பார்த்து ‘பாதி வறட்சி’ என்று ஏமாந்துவிடாதீர்கள். அதில் 32 முதல் 50 கிராம் சர்க்கரை. சாப்பாட்டுக்கு முதல் இரண்டும்தான்.

கடல் தட்டுகள்

வடமேற்கு மூலையில் கலீசியா. அங்கே ரியாஸ் பைஷாஸ் பகுதியின் அல்பரின்யோ வெள்ளை ஒயின் புளிப்பும் எலுமிச்சை வாசனையும் கொண்டது. சிப்பி, நண்டு, ஆவியில் வெந்த மட்டி என்று அதிகம் மசாலா படாத கடலுணவுக்கு முதல் தேர்வு. சற்று உள்ளே வல்தெயோராஸில் விளையும் கொதெய்யோ இன்னும் கனமான வெள்ளை. வெண்ணெய், சாஸ், அடுப்பில் சுட்ட பெரிய மீன் வந்தால் அல்பரின்யோவைவிட இது தாங்கும்.

கலீசியாவின் பெயர்போன ஆக்டபஸ் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வேகவைத்து, கத்தரிக்கோலால் வெட்டி, மரத்தட்டில் பரப்பி, கல்லுப்பு, ஆலிவ் எண்ணெய், பிமெந்தோன் எனப்படும் மிளகாய்த்தூள் தூவித் தருவார்கள். ஆக்டபஸில் எண்ணெய்ச்சத்து மிகக் குறைவு, பிமெந்தோனுக்கோ புகைச்சுவை உண்டு. ஆகவே இங்கே மீன் விதியைக் கொஞ்சம் மீறலாம்: கொதெய்யோவும் சரி, பியெர்சோ அல்லது ரிபெய்ரா சாக்ரா பகுதியின், மென்சியா திராட்சையில் செய்த இளம் சிவப்பைக் குளிர்வித்தும் சரி. அங்குள்ள ஆக்டபஸ் கடைகளில் பீங்கான் குவளையில் உள்ளூர் ஒயினை ஊற்றித்தருவது வழக்கம். அதைக் குறையாக எண்ண வேண்டாம்.

பாஸ்க் கடற்கரையில் கெதாரியா ஊரில் கரியில் முழுசாகச் சுட்ட தட்டைமீனும் உள்ளூர் வெள்ளை ஒயினான சாக்கொலியும் சேர்ந்தே பேசப்படும். சாக்கொலி லேசான நுரை, உரத்த புளிப்பு, ஆல்கஹாலோ 11 சதவீதத்தை ஒட்டி. உயரத்திலிருந்து ஊற்றுவதைப் பார்த்தால் வித்தை காட்டுகிறார்கள் என்று தோன்றும். விரல் உயரத்துக்கு மட்டும் ஊற்றி, உடனே குடித்துவிட வேண்டியது அது. சூரையும் உருளைக்கிழங்கும் தக்காளியும் போட்ட மர்மிதாகோ குழம்புக்கு மட்டும் சாக்கொலியைவிட நவார்ராவில் கர்னாச்சா திராட்சையில் செய்யும் ரோசே எனப்படும் இளஞ்சிவப்பு ஒயின் நன்றாகப் போகும். தக்காளியின் புளிப்பும் குடைமிளகாயின் இனிப்பும் வெள்ளையை அமுக்கிவிடும். ரோசேயில் பழச்சுவை இருக்கிறது, டானின் இல்லை என்றே சொல்லலாம்.

உப்புக்கருவாட்டு மீனான பக்கலாவோவைப் பூண்டெண்ணெயில் சட்டியை ஆட்டி ஆட்டிக் கெட்டியாக்கும் பில்-பில் வந்தால், ஓக் பீப்பாயில் முதிர்ந்த வெள்ளை ரியோஹாவைத் தேடுங்கள். ரியோஹா என்றாலே சிவப்பு என்று நினைப்பவர்கள் தவறவிடும் ஒயின் அது. வியூரா திராட்சையில் செய்தது, ஆண்டு கூடக்கூடத் தேனும் பருப்பும் மணக்கும்.

பயேயா

அகன்ற தட்டைச் சட்டியில் வேகும் சோறு பயேயா. ‘பயேயாவுக்கு எந்த ஒயின்’ என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது. எந்தப் பயேயா என்று முதலில் கேட்க வேண்டும். வலென்சியாவின் அசல் தட்டில் கோழி, முயல், அகன்ற அவரை, வெள்ளைப் பெரும்பயறு, சில சமயம் நத்தை இருக்கும், கடலுணவே இருக்காது. அதற்கு உத்தியெல்-ரெக்கேனா பகுதியின் போபால் திராட்சையில் செய்த ரோசே அல்லது இளம் சிவப்பு. அடியில் பிடித்த முறுகலோடு போபாலின் பழச்சுவை நன்றாகச் சேரும். இறாலும் மட்டியும் போட்ட கடல் பயேயாவுக்கு கொதெய்யோ அல்லது புருத் நாத்தூரே காவா. கணவாய் மையால் கறுத்த சோறு பூண்டு மயோனைஸான அயோலியோடு வரும். அயோலியின் எண்ணெயை அறுக்க நுரை வேண்டும், மறுபடியும் காவாதான். சோரிசோ தொத்திறைச்சி போட்ட பயேயாவை வலென்சியாக்காரர் பயேயா என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். சுற்றுலாக் கடையில் அது வந்துவிட்டால் இளம் கர்னாச்சா சிவப்பு எடுத்துக்கொள்ளலாம்.

சிவப்புக்கு நேரம் வந்ததும்

இங்கேதான் லேபிளைப் படிக்கத் தெரிய வேண்டும். ரியோஹா சிவப்பில் ‘கிரியான்சா’ என்றால் குறைந்தது இரண்டாண்டு முதிர்வு, அதில் ஓராண்டு ஓக்கில். ‘ரெசர்வா’ மூன்றாண்டு, ஓராண்டு ஓக்கில். ‘கிரான் ரெசர்வா’ ஐந்தாண்டு, இரண்டாண்டு ஓக்கில். எதுவும் எழுதாதது பெரும்பாலும் இளம் ஒயின், ‘ஹோவென்’. பின்லேபிளில் ஒட்டியிருக்கும் சின்னச் சீட்டின் நிறத்திலும் தெரியும்: பச்சை இளசு, சிவப்பு கிரியான்சா, அடர்சிவப்பு ரெசர்வா, நீலம் கிரான் ரெசர்வா. ரியோஹாவுக்கு வெளியே பொது விதி தளர்வானது. அங்கே கிரியான்சாவுக்கு ஆறு மாத ஓக்கே போதும்.

இந்த ஏணியைத் ‘தரம்’ என்று படிப்பதுதான் புதியவர் செய்யும் பெரிய தவறு. இது வயதுக்கணக்கு மட்டுமே. ஓக் கூடக்கூட வனிலா, தேங்காய், தோல் வாசனை கூடும், பழச்சுவை பின்வாங்கும். உருளைக்கிழங்கு ஆம்லெட்டான தொர்தீயாவுக்கு கிரான் ரெசர்வா திறந்தால் முட்டை காணாமல்போகும். அங்கே தெம்பிரானியோ திராட்சையில் செய்த ஹோவென் தன் வேலையைச் சரியாகச் செய்யும், விலையும் நாலில் ஒரு பங்கு.

வயதான மாட்டின் விலா எலும்போடு ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ என்று நிறுத்து, வெளியே கரியும் உள்ளே ரத்தச்சிவப்புமாகச் சுட்டுத்தரும் சுலெத்தோன் வந்தால் ரெசர்வாவைத் திறக்கலாம். கல்லுப்பு துவர்ப்பைத் தணிக்கும், கொழுப்பு மீதியைப் பார்த்துக்கொள்ளும். ரிபேரா தெல் துவேரோ ஒயினும் இதே தெம்பிரானியோதான், அங்கே பெயர் தின்தோ ஃபினோ. 750 மீட்டருக்கு மேற்பட்ட மேட்டுநிலம், பகல் வெயிலும் இரவுக் குளிரும் பிடித்து நிறமும் டானினும் அடர்த்தியாக வரும். சுலெத்தோனுக்கு அதுவும் தாங்கும்.

காஸ்தீயாவின் விறகடுப்பில் மண்சட்டியில், தண்ணீரும் உப்பும் கொழுப்பும் தவிர எதுவும் சேர்க்காமல் வாட்டும் பால்குடி ஆட்டுக்குட்டி லெச்சாசோ வேறு விஷயம். 35 நாளுக்குள் உள்ள குட்டி; கறி வெளிறி, மென்மையாக, பால்மணத்தோடு இருக்கும். பக்கத்திலேயே ரிபேரா விளைவதால் அதைத்தான் எல்லோரும் குடிக்கிறார்கள். ஆனால் இரண்டாண்டு புது ஓக்கில் கிடந்த கனமான பாட்டிலைத் தவிர்த்து, ஹோவெனோ கிரியான்சாவோ எடுங்கள். செகோவியாவின் பால்குடிப் பன்றிக்குட்டியில் மேல்தோல் மொறுமொறு, உள்ளே கொழுப்பு. அதற்கு நீண்ட முதிர்வுள்ள காவாவைச் சொன்னால் பணியாளர் புருவம் உயர்த்தலாம். முதல் வாய்க்குப் பிறகு மேசையில் யாரும் சிவப்பைத் தேட மாட்டார்கள்.

அஸ்தூரியாஸின் வெள்ளைமொச்சைக் கறியான ஃபபாதாவுக்கு ஒயினே வேண்டாம். அங்கே ஆப்பிள் சைடர்தான் துணை.

முரண்டு பிடிப்பவை

கூனைப்பூ என்று அகராதி சொல்லும் ஆர்ட்டிச்சோக்கில் சைனரின் என்ற பொருள் உண்டு. அதைத் தின்ற பிறகு தண்ணீர்கூட இனிக்கும். சிவப்பு ஒயின் அப்போது தகரத்தையும் சர்க்கரையையும் கலந்தது போலாகிவிடும். கொர்தோபா வட்டாரத்தில் கூனைப்பூவை மொந்தியா ஒயினிலேயே வேகவைத்து, அதே ஒயினோடு பரிமாறுகிறார்கள். மொந்தியா-மொரீலெஸ் ஃபினோ ஹெரெஸ் ஃபினோவின் அக்கம்பக்கத்து உறவு. பேத்ரோ ஹிமேனெஸ் திராட்சையில் செய்வதால், ஆல்கஹால் சேர்க்காமலே 15 சதவீதத்தை எட்டிவிடும். நவார்ராவின் வெள்ளை அஸ்பராகஸுக்கு ருவேதாவின் வெர்தெஹோ வெள்ளை ஒயின் சரிப்படும். அதற்கே ஒரு பச்சிலைக் கசப்பு இருப்பதால் ஒன்றையொன்று இடிக்காது. காளான் வதக்கலுக்கு அமொந்தியாதோ.

பாலாடைக்கட்டியோடு சிவப்பு என்பதும் பழக்கதோஷம்தான். முதிர்ந்த மஞ்சேகோவின் உப்பும் எண்ணெயும் ஒலொரோசோவின் வால்நட் மணத்தோடு எளிதில் சேர்ந்துகொள்ளும். நீலப்பூஞ்சை ஏறிய காப்ராலெஸ் எந்தச் சிவப்பையும் கசப்பாக்கிவிடும். அதற்குப் பேத்ரோ ஹிமேனெஸ் இனிப்பு ஒயின் 50 மில்லி. திராட்சையை வெயிலில் உலர்த்திப் பிழிந்த கருஞ்சாறு அது, லிட்டருக்கு 212 கிராமுக்குக் குறையாத சர்க்கரை. வனிலா ஐஸ்கிரீம் மேல் ஊற்றினால் தனியாக இனிப்பு ஆர்டர் செய்ய வேண்டியதில்லை. கறுப்புச் சாக்லேட்டுக்கும் சரி. கிரேமா கட்டலானா, முட்டைப் புட்டிங் போன்ற மென்மையானவற்றைப் பேத்ரோ ஹிமேனெஸ் அமுக்கிவிடும், மொஸ்கதேல் என்ற இனிப்பு ஒயின் போதும். பிறந்தநாள் கேக்கோடு புருத் காவா உடைப்பது உலகம் முழுக்க நடக்கிறது. கேக்கின் இனிப்புக்கு முன் காவா எலுமிச்சைத் தண்ணீராகிவிடும். உடைக்க வேண்டுமென்றால் கேக் வருமுன் உடைக்கவும்.

சூடும் அளவும்

சரியான ஒயின் தவறான சூட்டில் வந்தால் மேலே சொன்ன எதுவும் நிற்காது. ஃபினோ, காவா 7 டிகிரி சுற்றி, அல்பரின்யோ, வெர்தெஹோ 8-10, ஓக்கில் முதிர்ந்த வெள்ளை 11-12, அமொந்தியாதோ, ஒலொரோசோ 12-14, இளம் சிவப்பு 13-15, ரெசர்வா 16-18. ‘சிவப்பு அறைச் சூட்டில்’ என்பது பழைய ஐரோப்பியக் குளிர் வீட்டின் அறை. செவில்லில் ஜூலை மாதத்து அறைச் சூட்டில் ரெசர்வாவைக் குடித்தால் ஆல்கஹால் மூக்கில் ஏறும், துவர்ப்பு மங்கி ஜாம் போலாகும். கூச்சப்படாமல் ஐஸ்வாளி கேளுங்கள். வெறும் ஐஸில் நிறுத்தினால் கட்டிகளுக்கிடையே காற்று நிற்கும், குளிர் ஏறாது. பாதி ஐஸ், பாதி தண்ணீர் இருக்க வேண்டும். 25 டிகிரி சிவப்புக்குப் பத்து நிமிடம் போதும், வெள்ளைக்கு அரைமணி.

நாலு பேர், மூன்று மணி நேரச் சாப்பாடு என்று வையுங்கள். உட்கார்ந்ததும் மன்சனியா அரைப் பாட்டில். ஆலிவ், ஹமோன், நெத்திலி, பூண்டு இறால் எல்லாம் அதோடு முடியட்டும். அடுத்து சுட்ட மீனும் குரோகேத்தாவும் வந்தால் கொதெய்யோ ஒரு பாட்டில். 750 மில்லியில் 150 மில்லியாக ஐந்து கிளாஸ். சுலெத்தோன் கேட்டிருந்தால், மீன் வரும்போதே ரெசர்வாவைத் திறந்து வைக்கச் சொல்லிவிடுங்கள். பழைய கிரான் ரெசர்வா என்றால் அடியில் வண்டல் இருக்கும், கடைசி விரல் அளவை ஊற்றாமல் விட்டுவிடவும். ஒரே விலைக்கு வரும் மதியச் சாப்பாடான ‘மெனு தெல் தியா’வில் ஒயின் விலைக்குள்ளேயே பெரும்பாலும் அடங்கும். அது பொதுவாக இளம் சிவப்பு, சில கடைகளில் குளிர்பெட்டியிலிருந்தே எடுத்துத் தருவார்கள். அது தவறல்ல. முதல் தட்டு கஸ்பாச்சோவாக இருந்தால் அந்தக் கிளாசை இரண்டாம் தட்டு வரை தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டிலைத் திறந்து உங்களுக்குக் கொஞ்சம் ஊற்றிக் காட்டுவது பிடித்திருக்கிறதா என்று கேட்க அல்ல, கெட்டிருக்கிறதா என்று பார்க்க. நனைந்த அட்டைப்பெட்டி, பூசணம் பிடித்த நிலவறை வாசனை வந்தால் தக்கையிலிருந்து வந்த டி.சி.ஏ. என்ற பொருள் காரணம். சொன்னால் வேறு பாட்டில் கொண்டுவருவார்கள். சந்தேகமாக இருந்தால் ஐந்து நிமிடம் கிளாசிலேயே விட்டு மறுபடி முகருங்கள். அடைத்துக் கிடந்த நெடி என்றால் போய்விடும், டி.சி.ஏ. என்றால் இன்னும் கூடியிருக்கும்.